சிராகூசாவின் இரண்டு சுனைகள்: காலையில் சியானே, மாலையில் அரெத்தூசா

இத்தாலியின் சிசிலித் தீவில், தென்கிழக்கு மூலையில் இருக்கும் சிராகூசா நகருக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அரெத்தூசாச் சுனையை ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதானா?" என்று கேட்டபடி ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நடையைக் கட்டுகிறார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்பித் தடுப்பின்மேல் சாய்ந்து பார்த்தால் கீழே தெரிவது கல் கட்டிய ஒரு குளம், ஒரு புதர், நாலு வாத்து. அவ்வளவுதான்.

அந்தச் சுனைக்கு ஒரு ஜோடி உண்டு. ஊருக்குச் சில கிலோமீட்டர் வெளியே, சியானே என்ற இன்னொரு ஊற்று. கிரேக்கப் புராணத்தில் இரண்டும் ஒரே கதையின் இரு துண்டுகள். முதலில் சியானே, பிறகு அரெத்தூசா என்று கதை போகும் வரிசையிலேயே பார்த்தால் வெயிலும் படகும் வெளிச்சமும்கூட அந்த வரிசைக்கே ஒத்துவருகின்றன. இந்த ஒருநாள் திட்டம் அந்த வரிசைப்படி போட்டது.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

பாதாளத்தின் அரசன் ஹேடீஸ், பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செபோனியைத் தேரில் தூக்கிக்கொண்டு போகிறான். வழியில் சியானே என்ற நீர்த்தேவதை தன் குளத்திலிருந்து இடுப்பளவு எழுந்து, கைகளை விரித்து மறிக்கிறாள். அவன் செங்கோலைக் குளத்துக்குள் வீசிப் பூமியைப் பிளந்து, அந்த வழியாகவே இறங்கிப் போய்விடுகிறான். தடுக்க முடியாத துக்கத்தில் அழுதழுது சியானே தானே தண்ணீராகக் கரைந்துபோகிறாள்.

அரெத்தூசா சிசிலிக்காரி அல்ல. கிரேக்கத்தின் எலிஸ் பகுதியில் ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் தோழி. அவள் குளித்த ஆற்றின் தேவன் அல்ஃபேயுஸ் அவள்மேல் ஆசைப்பட்டுத் துரத்துகிறான். ஓடிக் களைத்தவளை ஆர்ட்டெமிஸ் நீராக்கி, தரையைப் பிளந்து வழிவிடுகிறாள். அவள் பூமிக்கடியில் புகுந்து, சிராகூசாவின் பழைய நகரம் இருக்கும் ஒர்த்திஜா தீவில் ஊற்றாக வெளிவருகிறாள். அல்ஃபேயுஸ் விடவில்லை, அவனும் கடலடியில் பின்தொடர்ந்து வந்து அவளோடு கலந்தான் என்பார்கள்.

இரண்டு கதையும் சேரும் இடத்தை ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிவைத்திருக்கிறார். மகளைத் தேடி அலையும் தாயிடம் பெர்செபோனி எங்கே என்று சொல்பவள் அரெத்தூசாதான். பூமிக்கடியில் வந்தபோது பாதாளத்தில் அவளைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரு சுனை தடுத்துப் பார்த்தது, மற்றது சாட்சி சொன்னது. இது தெரிந்தால் போதும்.

எந்த மாதம்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள் "ஐரோப்பிய வெயில் என்ன செய்துவிடும்" என்று ஆகஸ்டில் போய் நிற்பதுண்டு. சிராகூசாவுக்குப் பக்கத்து ஊரான ஃப்ளோரிதியாவில் 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாக் கண்டத்தின் அதிகபட்ச வெப்பம் அது என்று உலக வானிலை அமைப்பு பின்னர் உறுதிசெய்தது. சியானேக் கரையில் ஒதுங்க நிழல் அதிகம் கிடையாது. மே, ஜூனில் பழைய கிரேக்க அரங்கில் நாடக விழா நடப்பதால் அறை வாடகை ஏறும். முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக்கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 180 நாளில் 90 நாள்வரை விசா தேவையில்லை.

சிராகூசாவுக்குப் போய்ச் சேர்வது

விமானத்தில் வருபவர்கள் கத்தானியாவின் ஃபொன்தனரோஸா விமான நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து சிராகூசா 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முனையத்துக்கு எதிரிலேயே பேருந்து நிற்கும், ஒன்றேகால் மணி நேரப் பயணம். ரயிலும் உண்டு, நேரம் கிட்டத்தட்ட அதேதான். விமான நிலையத்துக்கென்று தனி ரயில் நிலையம் 2021-இல் திறந்தார்கள். ஆனால் அது முனையத்தின் வாசலில் இல்லை, பெட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். சுமை இருந்தால் பேருந்தே மேல்.

ரயிலில் ஏறினால் ஒன்றை மறக்காதீர்கள். காகிதப் பயணச்சீட்டை நடைமேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்துக்குள் நுழைத்து முத்திரை குத்திய பிறகே ஏற வேண்டும். சீட்டு வாங்கினாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம். பரிசோதகரிடம் "தெரியாது" என்பது எடுபடாது. கைப்பேசியில் வாங்கும் வட்டார ரயில் சீட்டுக்கு முத்திரை வேண்டாம், ஆனால் 'செக்-இன்' செய்ய வேண்டுமா என்று ஏறுமுன் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோமிலிருந்து நேராக வரும் ரயில் ஒன்றும் இருக்கிறது. சிசிலியைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் மெஸ்ஸினா நீரிணையில் ரயிலைச் சில துண்டுகளாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றி, அக்கரையில் மறுபடி கோத்து ஓட்டுகிறார்கள். நேரம் இருப்பவர்கள் இதற்காகவே ஒருமுறை வரலாம்.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒர்த்திஜா தீவு, வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி. நுழைவாயிலில் மின்பலகையும் கேமராவும் இருக்கும். பலகையில் "வார்க்கோ அத்தீவோ" என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, நுழையக்கூடாது என்று பொருள். 'அத்தீவோ' என்றால் 'திறந்திருக்கிறது' என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் ஏராளம். பல மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வரும், கூடவே கார் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு தொகையைக் கடன் அட்டையில் பிடித்திருக்கும். தீவின் விளிம்பில் உள்ள தலேத்தே வாகன நிறுத்தத்திலோ பாலத்துக்கு இப்பாலோ வண்டியை விட்டுவிட்டு நடங்கள். தீவுக்குள் எல்லாமே நடைதூரம்தான்.

காலை: சியானே

காலை எட்டரைக்குக் கிளம்பிவிடுங்கள். எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற செருப்பல்லாத காலணி. அங்கே கடை கண்ணி கிடையாது.

சியானேயைப் பார்க்க இரண்டு வழி. ஆற்றின் கீழ்முனையிலிருந்து படகில் மேலேறுவது ஒன்று. காரில் நேராக ஊற்றுக் கண்ணுக்கே போவது மற்றொன்று.

படகு நோத்தோ செல்லும் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அருகே, ஆறு பெரிய துறைமுகத்தில் கலக்கும் பக்கத்திலிருந்து புறப்படும். இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று. ஒர்த்திஜா படித்துறையில் படகுக்காரர்கள் கூவிக் கூவி அழைப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் அழைப்பது தீவைச் சுற்றிக் கடல் குகைகளைக் காட்டும் சவாரிக்கு. ஆறு அதில் வராது. பணம் கொடுக்குமுன் "ஃபியூமே சியானே?" என்று ஆற்றின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஆற்றுப் படகு பருவத்தைப் பொறுத்தது. செடி மண்டினாலோ நீர் குறைந்தாலோ பாதியில் திரும்பிவிடும். அதனால் முதல் நாளே விடுதிக்காரரைப் போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். எதுவரை போகும் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

படகு கிடைக்காத நாளில் டாக்சி. ஊற்றுக் கண் கோத்ஸோ பந்தானோ என்ற பகுதியில் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. போகும்போதே திரும்பி அழைத்துப் போகவும் பேசி நேரம் குறித்துவிடுங்கள். இறக்கிவிட்டு வண்டி போய்விட்டால் அங்கே வேறு வண்டி வராது.

ஆறு இரண்டு ஊற்றுகளிலிருந்து பிறக்கிறது. பெரியதற்கு தெஸ்தா தெல்லா பிஸ்மா, சிறியதற்கு பிஸ்மோத்தா என்று பெயர். 'சியானே' என்ற சொல்லே கிரேக்கத்தில் நீலநிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குளத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காற்று எழும் முன் போக வேண்டும். பதினொரு மணிக்கு மேல் நீர்ப்பரப்பு சுருங்கி நெளிய ஆரம்பித்துவிட்டால் அடிவரை தெரியாது.

கரையில் நிற்கிற செடிதான் இங்கே உண்மையான விருந்தாளி. எகிப்தியர்கள் காகிதம் செய்த அதே பப்பைரஸ். எகிப்தின் இரண்டாம் தாலமி, சிராகூசாவின் அரசன் இரண்டாம் ஹியரோவுக்கு அனுப்பிய பரிசு என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஐரோப்பாவில் இது காடாக வளரும் மிகச் சில இடங்களில் பெரியது இதுவே. இதற்காகவே 1984-இல் ஆற்றையும் பக்கத்து உப்பளங்களையும் சேர்த்துப் பாதுகாப்புப் பகுதியாக்கினார்கள். தண்டை இரு விரலுக்கிடையில் மெல்ல உருட்டிப் பாருங்கள், உருளாது. மூன்று பட்டை. கோரை பிடுங்கிப் பழகிய விரலுக்கு இது உடனே பிடிபடும். பத்தமடைப் பாய்க்கு ஆகும் கோரையும் பப்பைரஸும் ஒரே பேரினம், சைபெரஸ். நம்முடையது இடுப்புயரம் என்றால் இது ஆளைவிட இருமடங்கு உயர்ந்து, உச்சியில் சாமரம் விரித்து நிற்கிறது. பறிக்கக் கூடாது, ஒரு தண்டும். அபராதம் இருக்கிறது.

குளத்தில் இறங்கவும் கூடாது. கரை கெட்டியாகத் தெரிந்தாலும் வேர்ப் பின்னலின் மேல் மண் படிந்ததுதான், கால் உள்ளே போகும். திரும்பும் வழியில் ஆற்று முகத்துக்கு அருகே வயலில் இரண்டு கல்தூண்கள் தனியாக நிற்பதைக் காணலாம். ஒலிம்பிய ஜீயஸ் கோயிலில் மிஞ்சியவை, பொ.ஆ.மு. 6-ஆம் நூற்றாண்டு.

மதியம்: சும்மா இருக்கும் நேரம்

ஒன்றிலிருந்து நான்குவரை ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். எதிர்த்துப் போராடாமல் சாப்பிட உட்காருங்கள். சைவர்கள் "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" என்று சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். இரண்டையும் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நெத்திலி வந்து சேரும். கத்தரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தா, கப்போனாத்தா இரண்டும் நம்பிச் சாப்பிடலாம். அரஞ்சினி என்ற பொரித்த சோற்று உருண்டையில், 'வெண்ணெய்' வகை என்றாலும் பன்றி இறைச்சித் துண்டு ஒளிந்திருப்பதுண்டு, கேட்டுவிட்டுக் கடியுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒர்த்திஜாவில் உள்ள பப்பைரஸ் அருங்காட்சியகம் திறந்திருந்தால் போங்கள். தண்டின் பச்சைத் தோலைச் சீவி, வெள்ளைச் சோற்றை மெல்லிய நாடாக்களாக அரிந்து, ஒரு வரிசை நெடுக்கு, மேலே ஒரு வரிசை குறுக்கு என்று அடுக்கி அழுத்தினால் தாள். பசை சேர்ப்பதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சவேரியோ லந்தோலினா என்ற சிராகூசாக்காரர் மறந்துபோன இந்த முறையை மீட்டெடுத்தார். கடையில் தாள் வாங்குவதானால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நெடுக்கும் குறுக்கும் நாடாக்கள் பாய் முடைந்ததுபோல் தெரிய வேண்டும். சீராக, வெறுமையாக இருந்தால் அச்சடித்த சாதாரணத் தாள்.

மாலை: அரெத்தூசா

சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது ரயில் நிலையப் பக்கமிருந்து நடக்கத் தொடங்குங்கள். கோர்ஸோ உம்பெர்த்தோ என்ற நேர்ச்சாலை பாலத்தில் கொண்டுவிடும். பாலம் தாண்டியதும் இடப்பக்கம் அப்பொல்லோ கோயிலின் இடிபாடு. அங்கிருந்து கோர்ஸோ மத்தேயோத்தி வழியாக நேரே ஆர்க்கிமிடீஸ் சதுக்கம். நிலையத்திலிருந்து சுனைவரை மொத்தம் அரைமணி நடை, நிற்காமல் போனால்.

ஆனால் ஆர்க்கிமிடீஸ் சதுக்கத்தில் நிற்க வேண்டும். நடுவே இருக்கும் நீரூற்றுச் சிலைத் தொகுதி ஜூலியோ மொஸ்கெத்தி செய்தது, 1907. மேலே வில்லோடு ஆர்ட்டெமிஸ். அவள் காலடியில் உடல் நீராக மாறத் தொடங்கும் கணத்தில் அரெத்தூசா. அவளைப் பார்த்தபடி, கைக்கெட்டாமல் போனவளைக் கண்டு திகைக்கும் அல்ஃபேயுஸ். காலையில் கேட்ட கதையின் நடுப்பக்கம் இது. சுற்றி வந்து பாருங்கள், ஒரே பக்கம் நின்றால் அல்ஃபேயுஸ் தெரியமாட்டான்.

அடுத்தது பேராலயச் சதுக்கம். பேராலயத்தின் பக்கச் சுவரில் டோரிக் பாணித் தூண்கள் புதைந்து நிற்கும். பொ.ஆ.மு. 480-இல் ஹிமேரா போரில் வென்ற பின் எழுப்பிய அதீனா கோயிலின் தூண்கள் அவை. இடையில் சுவர் எழுப்பித் தேவாலயம் ஆக்கினார்கள். உள்ளே போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சதுக்கத்தின் தென்முனையிலிருந்து பிக்கெராலி தெரு சரிந்து இறங்கும். முடிவில் கடல் காற்று முகத்தில் அடிக்கும். வந்துவிட்டீர்கள்.

சுனை மேற்கே பெரிய துறைமுகத்தைப் பார்த்திருக்கிறது. காலையில் கட்டடங்களின் நிழல் அதன்மேல் கிடக்கும், நண்பகலில் நீர் கண்ணாடிபோல் பளபளத்து உள்ளே எதுவும் தெரியாது. மாலைச் சாய்வெயிலில்தான் பப்பைரஸ் பச்சை பற்றிக்கொள்ளும். படமெடுப்பவர்கள் இதற்காகவே காத்திருக்க வேண்டும்.

மேலே கம்பித் தடுப்பிலிருந்து பார்க்கக் காசு இல்லை, இரவு பகல் எப்போதும் பார்க்கலாம். நீர் மட்டத்துக்கு இறங்கும் வழி கட்டணத்துக்கு உரியது, திறப்பு நேரமும் கட்டணமும் வாசலில் எழுதியிருக்கும். முதலில் மேலிருந்து ஒரு முழுச்சுற்று பாருங்கள். பிறகு இறங்க வேண்டுமா என்று முடிவெடுங்கள். இறங்கினால் நீர் கல்லுக்கடியிலிருந்து வருவது கண்ணுக்கு நேரே தெரியும்.

மேலே நின்றபடியே ஒரு வேலை செய்யுங்கள். சுனையைப் பார்த்துவிட்டு அப்படியே முகத்தைத் திருப்பிக் கடலைப் பாருங்கள். இடையே இருப்பது ஒரு மதிலும் ஒரு நடைபாதையும் மட்டுமே. அந்தப் பக்கம் உப்புக்கடல், இந்தப் பக்கம் தரைக்கடியிலிருந்து ஓயாமல் வரும் ஊற்று. கிரேக்கர்களுக்குக் கதை தேவைப்பட்டது இங்கேதான். பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ இதைப் பற்றி எழுதும்போது, நன்னீர் ஊற்று, நம்பமுடியாத பெரியது, மீன் நிறைந்தது, கல்லணை மட்டும் இல்லையென்றால் அலை முழுக மூடிவிடும் என்கிறார். அந்த மீன்கள் தெய்வத்துக்கு உரியவை, யாரும் தொடமாட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் குறித்திருக்கிறார். கோயில் குளத்து மீன்போல. இப்போதும் மீன் உண்டு. பொரி போடுகிற பழக்கத்தில் ரொட்டி போடாதீர்கள், தேங்கும் நீர் கெடும்.

கதையை எடுத்துவிட்டால் மிஞ்சும் காரணம் இது. உள்நாட்டில் இப்ளேயா மலைமேட்டின் சுண்ணாம்புப் பாறையில் பெய்யும் மழை, வெடிப்புகளில் இறங்கி, நீர் புகாத களிமண் அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு கடலை நோக்கி நகர்கிறது. பாறை விரிந்த இடத்தில் மேலே எழும்புகிறது. மறுபக்கம் கடல்நீரும் அதே வெடிப்புகளில் உள்ளே தள்ளுகிறது. நன்னீரின் அழுத்தம் உயர்ந்திருக்கும்வரை ஊற்று இனிக்கும். மழை பொய்த்தாலோ மேட்டில் கிணறுகள் அதிகம் இறைத்தாலோ கரிக்கும். சோழமண்டலக் கடற்கரைக் கிணறுகளுக்கு நடப்பதேதான். இன்றைய அரெத்தூசாவின் நீர் கரிப்பானது. 1798 ஜூலையில் நெப்போலியனைத் தேடிவந்த நெல்சனின் கப்பற்படை சிராகூசாவில்தான் தண்ணீர் நிரப்பிக்கொண்டு எகிப்துக்குப் போனது என்பதைக் கேட்டுவிட்டு, கையால் அள்ளிக் குடிக்க வேண்டாம்.

வழிகாட்டிகள் சொல்வதில் இரண்டைச் சலித்துக்கொள்ளுங்கள். ஒலிம்பியாவில் அல்ஃபேயுஸ் ஆற்றில் எறிந்த கோப்பை இங்கே மிதந்து வந்தது என்பது முதலாவது. சுமார் 550 கிலோமீட்டர் கடல். அந்த ஆறு எல்லார் கண்ணெதிரேயும் கடலில் விழும்போது அடியில் எப்படி வரும் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ரேபோ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கேட்டுவிட்டார். இரண்டாவது பெயர்க் குழப்பம். ஊர்க்காரர்கள் இதை "ஃபுந்தானா ரே பாப்பிரி" என்பார்கள். பப்பைரஸ் சுனை என்று பலர் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சிராகூசா வட்டாரப் பேச்சில் அந்த 'பாப்பிரி' வாத்து. இங்குள்ள பப்பைரஸ் நட்டு வளர்த்தது, காடாக வளர்ந்ததைக் காலையிலேயே பார்த்தாயிற்று.

இருட்டும் முன் தெற்கே நீளும் கடலோர நடைபாதையில் கொஞ்சம் நடங்கள். அதன் பெயரே லுங்கோமாரே அல்ஃபேயோ, துரத்தி வந்தவனின் பெயர். துறைமுக நீரில், சுனைக்குச் சற்று வெளியே, கடலடியில் இன்னொரு நன்னீர் ஊற்று கொப்புளிக்கிறது. மீனவர்கள் ஒக்கியோ தெல்லா ஸில்லிக்கா என்பார்கள். கடல் அசையாத நாளில் மேற்பரப்பில் வட்ட வட்டமாகத் தெரியும். அதுதான் அல்ஃபேயுஸ், கரையேற முடியாமல் நிற்கிறான் என்பது உள்ளூர்க் கணக்கு. கடற்காற்று இருந்தால் தேட வேண்டாம், தெரியாது.

பழைய வெள்ளி நாணயங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு மறுநாள் பாவோலோ ஓர்ஸி அருங்காட்சியகம். பொ.ஆ.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் கீமோன், எவைனேத்தோஸ் ஆகிய அச்சுக் கலைஞர்கள் செதுக்கிய பத்து திராக்மா நாணயங்களில் ஒரு பெண்முகமும் அதைச் சுற்றி நான்கு டால்பின்களும் இருக்கும். அந்த முகம் அரெத்தூசா என்பதே பொதுவான கருத்து. உப்புநீர் சூழ்ந்த நன்னீரை உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளியில் காட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

அன்றே கத்தானியா திரும்புவதாக இருந்தால், கடைசி ரயில், பேருந்து நேரங்களைக் காலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, விடுமுறை நாள்களில் மாலை வண்டிகள் குறைந்துவிடும். சுனையிலிருந்து நிலையத்துக்கு அரைமணி நடை என்பதைக் கழித்துப் பார்த்தால் கோடையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வண்டி பிடிப்பது கஷ்டம். ஒர்த்திஜாவில் ஓர் இரவு தங்குவதற்கே திட்டமிடுங்கள்.